ஈரத் தரையில் 230 வோல்ட்

கீசருக்குள் சுடுநீரையும் 230 வோல்ட் மின்சாரத்தையும் பிரித்து வைத்திருப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அடைத்த வெள்ளைத் தூள். காயில் என்று நாம் சொல்லும் குழாயைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இது தெரியும். நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு, வெளியே செம்பிலோ நிக்கல் கலந்த உலோகத்திலோ ஆன உறை. வெப்பத்தை நன்றாகக் கடத்தவும் வேண்டும், மின்சாரத்தை விடவும் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்யும் பொருள்கள் மிகக் குறைவு. மெக்னீசியம் ஆக்சைடு அந்த அரிய வகையைச் சேர்ந்தது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய தூள் மின்சாரத்தைக் கசிய விடும்.

உறை முழுதாக இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பல ஊர்களின் போர் தண்ணீர் அதை நெடுநாள் முழுதாக விட்டுவைப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள் சூடாகும்போது கரையும் தன்மையை இழந்து, இருப்பதிலேயே சூடான இடத்தில், அதாவது காயிலின் மேல், படியும். படிவு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உள்ளே உள்ள சூடு வெளியேற வழியின்றி காயில் வழக்கத்தைவிட அதிகமாகக் காயும். படிவுக்கு அடியில் உப்பு உறையை அரிக்கும். ஒருநாள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு விழும். தண்ணீர் தூளுக்குள் இறங்கும். முதலில் ஓரிரு மில்லி ஆம்பியர்தான் கசியும், போகப் போகக் கூடும். இதில் எதுவும் வீட்டாருக்குத் தெரியாது. தண்ணீர் எப்போதும்போல் சுட்டுக்கொண்டிருக்கும்.

பிளவே இல்லாமலும் ஈரம் ஏறுவதுண்டு. சித்திரையில் அணைத்த கீசரை மார்கழியில் போடும்போது முதல் நாளே ட்ரிப் ஆவதைப் பலர் பார்த்திருப்பார்கள். காயிலின் முனைகளில் உள்ள அடைப்பு வழியாக மாதக்கணக்கில் காற்றின் ஈரம் உள்ளே ஏறியதுதான் பெரும்பாலும் காரணம். இதைத் தொல்லை என்று தள்ளிவிடக் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் மெக்கர் இருந்தால் 500 வோல்ட்டில் காயிலுக்கும் கீசரின் உடலுக்கும் இடையே உள்ள தடையை அளந்துவிடலாம். பத்து லட்சம் ஓமுக்குக் கீழே வந்தால் அந்தக் காயிலை நம்பிக் குளிக்கக் கூடாது.

கசிந்த மின்சாரம் எங்கே போகிறது? உறையிலிருந்து தொட்டியின் உலோகத்துக்கு. அங்கிருந்து எர்த் கம்பி இருந்தால் அதன் வழியாக மண்ணுக்கு. எர்த் கம்பி இல்லை, அல்லது ப்ளக்கின் மூன்றாவது முனையில் கம்பி கழன்று கிடக்கிறது என்றால், தொட்டி முழுதும் மின்சாரம் ஏறி வழி தேடிக் காத்திருக்கும். இரும்புக் குழாய்க் காலத்தில் வீட்டுக் குழாய்களே மண்ணோடு தொட்டுக்கொண்டிருந்ததால், ஓரளவுக்கு அவையே எர்த்தாகவும் இருந்தன. இன்று குழாய் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஆபத்தில்லை என்று சொல்பவர்கள் குழாய்க்குள் ஓடும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள்.

அதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு கரைந்த போர் தண்ணீர். 15 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள குழாய். கீசருக்கும் பித்தளைத் திருகுக் குழாய்க்கும் இடையே ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டர் நீரின் தடை ஏறக்குறைய 38,000 ஓம். தொட்டியில் 230 வோல்ட் முழுதாக ஏறியிருந்தால், ஈரக் கையால் குழாயைத் தொடுபவர் வழியாக 6 மில்லி ஆம்பியர் பாயும். சுர்ரென்று கையை உதறுவார். தண்ணீர் 50 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் தடை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியராகும். குழாய் ஒரு மீட்டருக்குப் பதில் 30 சென்டிமீட்டர்தான் என்றால் 30 மில்லி ஆம்பியரை நெருங்கும். கீசரை இணைக்க நாம் போடும் கம்பி பின்னிய வளையும் குழாயின் உலோகம் திருகுக் குழாய்வரை தொட்டுக்கொண்டு போனால், தண்ணீரின் தடை என்ற அந்தக் கடைசிக் காவலும் போய்விடும்.

6, 9, 30 என்ற இந்த எண்களின் பொருளை நமக்குச் சொன்னவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல். 1940களில் அவர் தன்னார்வலர்களின் கையில் ஒரு கம்பியைப் பிடிக்கக் கொடுத்து மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டினார். எந்த அளவுக்கு மேல் அவர்களால் கையை விரித்து விட முடியவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளை வென்றுவிடும், பிடித்தது பிடித்தபடி நிற்கும். குளியலறையில் திருகுக் குழாயைத் தொடுபவர் பெரும்பாலும் அதைச் சுற்றிக் கையை மடக்கித்தான் பிடிக்கிறார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் சில நொடிகள் மார்பு வழியே பாய்ந்தால் மூச்சுத் தசைகள் இறுகும். 40, 50 என்று ஏறி ஒரு நொடிக்கு மேல் நீடித்தால் இதயம் சீராகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும் அபாயம் வரும். நம் மின்சாரத்தின் நொடிக்கு 50 என்ற அலைவெண் இதயத்தைக் கலைக்க மிகவும் ஏதுவானது. எத்தனை மில்லி ஆம்பியர் என்பதைப் போலவே எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் அதிர்ச்சியில், பாய்ந்தது நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் என்றாலும், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்ள முடியும். குளியலறைப் பாதுகாப்பின் மொத்த அறிவியலும் இந்த நேரக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

உலர்ந்த தோல் ஓரளவு காப்பு. நனைந்த தோலில் அந்தக் காப்பு கிட்டத்தட்ட இல்லை. மிஞ்சுவது உடலின் உட்தடை மட்டுமே. கைக்கும் ஈரத் தரையில் ஊன்றிய வெறுங்காலுக்கும் இடையே 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதே மனிதர் வரவேற்பறையில் செருப்புக் காலோடு, உலர்ந்த கையால் தொட்டிருந்தால் ஒரு ஷாக்கோடு தப்பியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் நம்பிக்கை ஒன்று உடைகிறது. "எம்சிபி போட்டிருக்கோம் சார், ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்." ஆகாது. எம்சிபியின் வேலை கம்பியைக் காப்பது. 16 ஆம்பியர் எம்சிபி 16,000 மில்லி ஆம்பியர்வரை இயல்பென்று விட்டுக்கொடுக்கும். ஒரு மனிதரைக் கொல்லும் 230 மில்லி ஆம்பியர் அதன் கண்ணில் ஒரு குண்டு பல்பைவிடச் சிறிய சுமை. எம்சிபி அவசியம்தான், ஆனால் அது குளிப்பவருக்கான கருவி அல்ல.

அடுத்து, எர்த். சரியான எர்த் இருந்தால் பெரிய கசிவு மண்ணுக்குப் பாய்ந்து எம்சிபியைத் தட்டிவிடும் என்பது பாடம். நம் வீடுகளில் அந்தப் பாடம் பாதிதான் பலிக்கும். தமிழ்நாட்டு வீடுகள் பெரும்பாலானவற்றில் எர்த் என்பது வீட்டுக்காரர் தன் மனையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய். கசிந்த மின்சாரம் அந்தக் குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கி, மண்ணிலேயே நடந்து டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஈரமான வண்டல் மண்ணில் குழாயின் தடை சில ஓம்தான் இருக்கும். பாறைப் பாங்கான இடத்திலும் கோடையில் காய்ந்த மணலிலும் பல மடங்காகும்.

20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காயில் முழுதாகப் பழுதாகி ஃபேஸ் கம்பி தொட்டியைத் தொட்டுவிட்டது. 230 வோல்ட், 20 ஓம்: எர்த்தில் பாய்வது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது அன்றாடச் சுமை, அசையாது. இன்னும் மோசமானது ஒன்று உண்டு. அந்த 230 வோல்ட்டில் பெரும்பகுதி இப்போது எர்த் குழாயின் மேல் நிற்கிறது. அந்த எர்த்தோடு இணைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் உடலிலும் அதே வோல்ட் ஏறும். குளியலறையில் பழுதான காயில் அடுப்படியில் நிற்பவரைத் தாக்கும் வழி இது. எர்த் 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாயும், எம்சிபி ட்ரிப் ஆகும். ஆனால் அதற்குப் பல நொடிகள் ஆகலாம். இதயம் ஒரு நொடிகூடக் காத்திருக்காது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பைப் போட்டுக் காட்டுவது நம்மூர் வழக்கம். பல்பு பளிச்சென்று எரிந்தால் "எர்த் சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 100 வாட் பல்பின் தடை 530 ஓமுக்கு அருகில். அதோடு 20 ஓம் எர்த் சேர்ந்தாலும் பல்புக்கு 220 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், முழுப் பிரகாசத்தோடுதான் எரியும். எர்த் கம்பி எங்கேயோ அறுந்திருந்தால் மட்டும் அது தெரியும். எர்த் நல்லதா என்று பல்பு சொல்லாது. அதற்கு எர்த் டெஸ்டர் வேண்டும்.

ஆர்சிசிபி என்ற கருவி இந்த இக்கட்டிலிருந்து பிறந்தது. இதன் தத்துவம் எளிது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளையும் ஒரு காந்த வளையத்தின் நடுவே சேர்த்துச் செலுத்துகிறார்கள். போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கேயாவது 30 மில்லி ஆம்பியர் வழிதவறி மண்ணுக்குப் போய்விட்டால், அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றியிருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டி விசையைத் தட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு 300 மில்லி நொடிக்குள், அதைப்போல் ஐந்து மடங்குக்கு 40 மில்லி நொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர விதி. 40 மில்லி நொடி என்பது நம் மின்சாரத்தின் இரண்டே அலை. ஈர உடலில் 230 மில்லி ஆம்பியர் பாயத் தொடங்கினாலும் இரண்டு அலைக்குள் நின்றுவிடும்.

1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், ஈரப் பாறைக்கு நடுவே வேலை செய்தவர்களைக் காக்க இத்தகைய நுண்ணிய துண்டிப்பான்கள் உருவாயின. அமெரிக்காவில் டால்சீலே தன் ஆய்வின் தொடர்ச்சியாக 1961இல் ஒன்றைச் செய்தார். 5 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் அந்த வகையை 1975இல் அமெரிக்க மின் விதித்தொகுப்பு குளியலறைகளுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரை உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. கடையில் இன்னும் பலர் ஈஎல்சிபி என்றே கேட்கிறார்கள். கொடுப்பது ஆர்சிசிபிதானா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 100, 300 என்று போட்டவை தீ விபத்தைத் தடுக்க உதவலாம், குளிப்பவரைக் காக்காது.

ஆர்சிசிபி இருந்தால் எர்த் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எர்த் இருந்தால் காயில் கசியத் தொடங்கி 30 மில்லி ஆம்பியரை எட்டும்போதே, யாரும் தொடாதபோதே, ஆர்சிசிபி துண்டித்துவிடும். எர்த் 20 ஓம் என்றாலும் அந்த நேரத்தில் தொட்டியின் மேல் நிற்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. எர்த் இல்லாத வீட்டில் கசிவுக்கு வழி கிடையாது. முதல் வழி குளிக்கப் போகிறவரின் உடல். அவர் வழியாகப் பாய்ந்த பிறகுதான் ஆர்சிசிபிக்குத் தெரியும். பிழைப்பார், ஆனால் வழுக்கும் தரையில் தூக்கிப் போட்ட பிறகு. இரண்டும் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆர்சிசிபியை நம் வீடுகளில் கொன்றுகொண்டிருப்பது இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் பொருத்தும்போது ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு கலந்துவிடுவார்கள். போன மின்சாரம் வேறு வழியாகத் திரும்பும். கசிவே இல்லாமல் கருவி ட்ரிப் ஆகும். "இது சும்மா சும்மா விழுது" என்று கருவியைக் கழற்றி நேரடியாக இணைத்துவிட்டுப் போவார்கள். நியூட்ரலைப் பிரிப்பது அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலியை மிச்சம் பிடித்த வீட்டில், பெட்டியில் கருவி இருக்கும், காவல் இருக்காது. அதன் முகப்பில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் விழவில்லை என்றால் மாற்றியாக வேண்டும்.

இனி இடம். 1978 மார்ச் 11 அன்று பிரெஞ்சுப் பாடகர் க்ளோத் ஃபிரான்சுவா பாரிஸில் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் நின்றபடி சுவரில் இருந்த விளக்கைக் கையால் சரிசெய்யப் போய் மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 39. தண்ணீரில் நிற்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் மின்கருவி இருக்கக் கூடாது என்ற விதியின் நியாயம் அந்த ஒரு சாவில் முழுதாக இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணையத்தின் விதிகள் குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. தொட்டியின் உட்புறம் பூஜ்ய மண்டலம். அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது. அதற்கு மேலே 2.25 மீட்டர் உயரம்வரை முதல் மண்டலம். பக்கவாட்டில் இன்னும் 60 சென்டிமீட்டர் இரண்டாவது மண்டலம். குளிர்நாட்டுக் குளியலறைகளில் துண்டு காயவைக்கும் சூடான கம்பிச் சட்டம், சுவர் ஹீட்டர் எல்லாம் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பொருத்தப்படுகின்றன. பிரிட்டனில் குளியலறைக்குள் சாதாரண சாக்கெட்டையே பெரும்பாலும் காண முடியாது. விளக்குக்குக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும்; ஈரக் கை சுவிட்சைத் தொடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

இந்தக் கோடுகள் தொட்டியைச் சுற்றி வரையப்பட்டவை. நம் குளியலறையில் தொட்டி இல்லை. தரை முழுக்கத் தண்ணீர், மொண்டு ஊற்றினால் நான்கு சுவரிலும் தெறிக்கும். அதே விதிகளில் தொட்டியில்லாத ஷவருக்கும் ஓர் அளவு இருக்கிறது: தண்ணீர் விழும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் ஆரத்துக்குள் முழுதும் முதல் மண்டலம். ஐந்தடிக்கு ஏழடிக் குளியலறையில் அந்த வட்டத்தை வரைந்தால் அறையின் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். ஆகவே நமக்குத் தப்ப உள்ள ஒரே திசை மேலே. கீசரையும் அதன் சாக்கெட்டையும் ஏழரை அடிக்கு மேல் ஏற்றுங்கள். சுவிட்சைக் கதவுக்கு வெளியே வையுங்கள், ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டை முனைச் சுவிட்சாக, எரிகிறதா என்று காட்டும் சிறு விளக்கோடு. வாஷ் பேசினுக்குப் பக்கத்தில் ஹேர் டிரையருக்கென்று வைக்கும் சாக்கெட்டை நான் எந்த வீட்டிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வர்ட்டர் போட்டு இதை மாட்டுவது தீயை அழைப்பது. தளர்ந்த முனையில் 0.2 ஓம் தடை இருந்தாலே 13 ஆம்பியரில் 34 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை சாக்கெட்டுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். கீசரின் அடியில் சொட்டும் பாதுகாப்பு வால்வை அடைக்கவும் கூடாது. 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் 350 மில்லிலிட்டர் விரியும், அது வெளியேற வேண்டும். அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் கெட்டால் தொட்டி வெடிக்கலாம்.

கீசர் வாங்க முடியாத வீடுகளில் ராடு இருக்கிறது. வாளியில் தொங்கவிட்டுத் தண்ணீர் காய்ச்சும் அந்தக் கம்பியும் அதே காயில்தான், அதே வெள்ளைத் தூள், அதே பிளவு. வித்தியாசம், இங்கே தொட்டி பிளாஸ்டிக் வாளி. சூடு வந்துவிட்டதா என்று பார்க்க விரலை நேராகத் தண்ணீருக்குள் விடுகிறோம். மூன்று முனை ப்ளக் உள்ள, ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ராடையே வாங்க வேண்டும். அதைக் குளியலறைக்குள் அல்லாமல், ஆர்சிசிபி காக்கும் சாக்கெட்டில், குழந்தை எட்டாத இடத்தில் போட வேண்டும். தண்ணீரில் முதலில் ராடு, பிறகு சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே கழற்றிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். ஏனென்றால் சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் மாறி, சுவிட்ச் நியூட்ரலில் அமைந்திருப்பது அரிதல்ல. அப்படிப்பட்ட வீட்டில் சுவிட்சை அணைத்ததும் ராடு சூடாவது நின்றுவிடும். ஆனால் 230 வோல்ட் அதன் சுருளில் அப்படியே இருக்கும்.